பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள்: முழு வண்டியாக வாங்குவதா, பாகம் சேர்த்துக் கட்டுவதா?

அக்கா மகனுக்கு எட்டு வயது, சைக்கிள் கேட்கிறான். கையில் இருப்பது புது வண்டி விலையில் பாதிதான். கொல்லைப்புறத்தில் டயரும் செயினும் இல்லாத ஒரு பழைய பிரேம் சாய்ந்து கிடக்கிறது. இதற்கு இரண்டு சக்கரம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. வெறும் பிரேமையும் போர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கடையில் ஒவ்வொன்றாக வாங்கினால், புது வண்டி விலையை நெருங்கிவிடும். சில நேரம் தாண்டியும் போகும். கம்பெனிக்காரர் ரிம்மையும் டயரையும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். நாம் ஒரு ஜோடியைச் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். சக்கரம் கட்டும் கூலி அதற்கு மேல்.

குறைந்த செலவில் முடிக்க வேண்டுமானால், அளவு சரியாக இருக்கிற, பிரேமும் இரண்டு ரிம்மும் நேராக இருக்கிற, சும்மா நிற்கிற ஒரு முழு வண்டியை வாங்குங்கள். தேய்ந்ததை மட்டும் மாற்றுங்கள். பாகம் சேர்த்துக் கட்டுவது எப்போது லாபம் என்பதைப் பின்னால் பார்ப்போம். அந்தச் சந்தர்ப்பங்கள் குறைவு.

முதலில் பிள்ளையை அளந்துகொள்ளுங்கள்

வயதைச் சொல்லிச் சைக்கிள் கேட்பதுதான் வழக்கம். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்கு உயரத்தில் ஒரு சாண் வித்தியாசம் இருக்கும். அளக்க வேண்டியது கால் நீளத்தை.

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வையுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே தள்ளுங்கள். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் 16 இஞ்ச் சக்கரம். 55 முதல் 65 வரை 20 இஞ்ச். 63 முதல் 75 வரை 24. அதற்கு மேல் 26. எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வந்தால், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பெரியதையும், புதிதாகக் கற்கிற பிள்ளைக்குச் சிறியதையும் எடுங்கள்.

கற்கிற பிள்ளைக்கு, சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். அதாவது, சீட்டின் உயரம் அந்தக் கால் அளவைத் தாண்டக் கூடாது. நன்றாக ஓட்டுகிற பிள்ளைக்கு அதைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்தலாம்; விரல் நுனி தரையைத் தொட்டால் போதும். பார் வைத்த வண்டியானால், கீழே இறங்கி நிற்கும்போது பாருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இரண்டு இஞ்ச் இடைவெளி இருக்கட்டும்.

'கொஞ்சம் பெரியதாக வாங்கினால் நாலு வருஷம் ஓடும்' என்ற யோசனைதான் பழைய சைக்கிள் விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது. பெரிய வண்டியில் பிள்ளையின் விரல் பிரேக்கை எட்டாது, நிறுத்தினால் கால் தரையை எட்டாது. வாடகைக் கடையின் பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அப்போது தெருவில் இத்தனை மோட்டார் வண்டிகள் இல்லை. வளர்ச்சிக்கு இடம் தர சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் கம்பம்) இருக்கிறது. அதை எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயர்த்த முடிந்தால் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காகத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் 11-ஆம் வகுப்பு மாணவருக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். அந்தப் பிள்ளை அப்படிப்பட்ட பள்ளியில் படித்தால், இப்போது 26 இஞ்ச் வண்டியில் பெரும் பணம் போடத் தேவையில்லை. ஒன்றிரண்டு வருஷம் ஓட்ட எளிய வண்டி ஒன்று போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்ட பிள்ளைகள் உறவில் இருந்தால், அந்த வண்டி எங்கே நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையில் காற்றிறங்கி நிற்கும்.

எங்கே தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீடுகள், அடுத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளம். பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், வீடு மாற்றுகிறவர்கள் சின்ன சைக்கிளை ஏற்றிப் போக விரும்பாமல் கிடைத்த விலைக்குத் தருவார்கள். மூன்றாவது, பழுது பார்க்கும் சைக்கிள் கடை. ஓவராயிலுக்கு (முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் வேலை) விட்டு, கூலி கொடுத்து எடுக்க வராத வண்டி ஒன்றிரண்டு எந்தக் கடையிலும் இருக்கும். கடைக்காரரே சரிசெய்து தருவதால் விலை கூடுதலாக இருக்கும். வேலை தெரியாதவருக்கு அந்தக் கூடுதல் நியாயமானதே.

காயலான் கடையில் எடைக் கணக்கில் கிடைக்கும். அங்கே வருகிற வண்டி ஏதோ ஒரு காரணத்தால்தான் வந்திருக்கும். அந்தக் காரணம் வெறும் டயரா, வளைந்த பிரேமா என்று பார்க்கத் தெரிந்தவர் மட்டும் போகலாம்.

இணைய விளம்பரத்தில் பார்ப்பவர்கள், கிளம்புவதற்கு முன் நான்கு படம் கேளுங்கள்: செயின் பக்கத்திலிருந்து முழு வண்டி, டயரின் பக்கவாட்டில் உள்ள எண், முன்பக்கமிருந்து நேராக ஒன்று, பெடல் அச்சின் (இரண்டு பெடல் தண்டும் சேரும் இடம்) அடிப்பாகம். கடைசிப் படத்தில் துருவும் தெரியும், பல வண்டிகளில் பிரேம் எண்ணும் அங்கேதான் அடித்திருக்கும். எண்ணை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். வாங்கும்போது விற்பவர் பெயர், தொலைபேசி, தேதி, பிரேம் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு வண்டி பிள்ளையின் கையில் பிடிபடுவது மிகக் கொடுமையான விஷயம்.

பத்து நிமிடப் பரிசோதனை

ஒரு டேப், ஐந்து மீட்டர் நூல், 13 மற்றும் 15 எண் ஸ்பேனர், கைப்பம்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பார்க்கும் வரிசை முக்கியம். சரிசெய்ய முடியாததை முதலில் பாருங்கள். அதில் தேறாவிட்டால் மற்றதைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம்.

பிரேம். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்துக்கு அடியில் விரலால் தடவுங்கள். வண்டி எதிலாவது நேராக மோதியிருந்தால் அங்கே பெயின்ட் சுருங்கியோ, குழாய் லேசாகப் புடைத்தோ இருக்கும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல் துருக்கோடு ஓடினால் அது விரிசல். இரண்டில் எது இருந்தாலும் வாங்காதீர்கள். பட்டறையில் வெல்டிங் வைக்கலாம் என்பார்கள். மெல்லிய குழாய் வெல்டிங்குக்கு அடுத்த இடத்தில் மறுபடி உடையும். பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உடையும்.

அடுத்து நூல். பின் சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயின் முன்புறமாகச் சுற்றி, மறுபக்க அச்சு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து நூலுக்கு இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணியிருக்கிறது.

போர்க். பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில் குழாயின் கோடு அப்படியே போர்க்கின் மேல்பாகத்தில் தொடர வேண்டும். போர்க் பின்னுக்குத் தள்ளியிருந்தால் முன்பக்கமாக மோதிய வண்டி. திருப்பும்போது பிள்ளையின் கால் விரல் முன் டயரில் இடிக்கும்.

சீட் பில்லர். புதியவர்கள் பார்க்க மறப்பது இதைத்தான். 13 எண் ஸ்பேனரால் சீட் நட்டைத் தளர்த்தி, சீட்டை இடவலமாகத் திருகி மேலே இழுங்கள். நகர வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் நாலைந்து வருஷம் வெளியே நின்ற வண்டியில் பில்லர் குழாயோடு துருவேறி ஒன்றாகப் பிடித்திருக்கும். அப்படியானால் பிள்ளை வளர்ந்தாலும் சீட் வளராது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். ஆனால் வாங்கும் முன்பே நகரவில்லை என்றால் விலையைப் பாதியாக்குங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

ரிம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பிரேக் கட்டையைக் குறியாக வைத்துப் பார்த்தால் கோட்டம் தெரியும். பக்கவாட்டில் 3 மி.மீ. வரை ஆடினால் சக்கரக் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். மேலும் கீழுமாக ஒரே இடத்தில் துள்ளினால் ரிம் பள்ளத்தில் விழுந்து அமுங்கியிருக்கிறது. அதைக் கம்பி முறுக்கிச் சரிசெய்ய முடியாது. டயருக்கு அடியில் ரிம்மின் உட்பக்கம் துருப்பிடித்து உரிந்திருந்தால் டியூப் நிற்காது. ஒரு ரிம் போனால், ரிம் விலை, கம்பி விலை, கட்டுக்கூலி எல்லாம் சேர்த்து அந்த வண்டியின் லாபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்றவை எல்லாம் மாற்றக்கூடியவை. விலை பேசுவதற்காகப் பாருங்கள். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்றால் ஹப் கோன் (சக்கர நடுவில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் கூம்பு நட்டு) தளர்வு. பெடல் தண்டு இரண்டையும் பிடித்து ஆட்டும்போது இரண்டும் சேர்ந்து ஆடினால் பெடல் அச்சின் கப்பும் பால்ரஸும் (அச்சைச் சுற்றி ஓடும் சிறு இரும்புக் குண்டுகள்) தேய்ந்திருக்கின்றன. ஒரு தண்டு மட்டும் ஆடினால் காட்டர் பின் (தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு) தளர்வு. முன் பிரேக்கை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டிலுக்கு அடியில் தட்டுகிறதா? ஹெட் கோன் தளர்வு. செயினைப் பல்சக்கரத்தின் முன்பக்கம் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி தெரியும்படி வெளியே வந்தால் செயின் தீர்ந்துவிட்டது. டேப் வைத்தும் பார்க்கலாம்: 12 இஞ்சில் சரியாக முடிய வேண்டிய, ஒரு பின்னிலிருந்து அதற்கு அடுத்த 24-ஆம் பின்வரையான நீளம் 12 1/8 இஞ்சுக்குப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் பிரீவீலையும் (பின் சக்கரத்தின் பல்சக்கரம்) சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பிரீவீலில் புதுச் செயின் போட்டால், ஏறி மிதிக்கும்போது வழுக்கிப் பிள்ளையின் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும்.

டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பில் நூல் தெரிந்தால் புது டயர் கணக்கில் சேர்க்க வேண்டும், தரையில் படும் ரப்பர் பட்டன்கள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.

சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் தடித்த டயரும் வைத்த சின்ன வண்டி பார்க்க மிடுக்காக இருக்கும், பிள்ளை அதையே காட்டுவான். எடை பாருங்கள். அப்படிப்பட்ட 20 இஞ்ச் வண்டி 14, 15 கிலோவுக்குக் குறையாது. ஏழு வயதுப் பிள்ளையே இருபது இருபத்திரண்டு கிலோதான். பழைய வண்டியில் அந்த சஸ்பென்ஷன் துருப்பிடித்து இறுகியிருக்கும், எடை மட்டும் மிச்சம். சாதாரண போர்க், ரிம் பிரேக், ஒற்றைப் பல் பிரீவீல் வைத்த வண்டியைத் தேடுங்கள். எந்தக் கிராமத்துக் கடையிலும் பாகம் கிடைக்கும்.

விலைக்கணக்கு

பேரம் பேசுவதற்கு முன் உங்கள் ஊர்க் கடையில் டயர், டியூப், செயின், பிரீவீல், பிரேக் கட்டை, பிரேக் ஒயர் ஆறின் விலையையும் அதே அளவு புது வண்டியின் விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டிக்குக் கொடுப்பதும் பாகத்துக்கு ஆவதும் சேர்ந்து, புது விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிதே வாங்கலாம்.

இப்படி வைத்துக்கொள்வோம்: புது வண்டி 5,000 ரூபாய். உங்கள் வரம்பு 2,500. பழைய வண்டிக்கு டயர் ஒன்று, டியூப் இரண்டு, பிரேக் கட்டை நான்கு, ஒயர் இரண்டு, பால்ரஸ், கிரீஸ் வேண்டும். கடையில் கேட்டதில் 1,100 ஆகிறது. அப்படியானால் வண்டிக்கு 1,400-க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பட்டியலைக் கையில் வைத்துப் பேசினால் விற்பவரும் ஒப்புக்கொள்வார். எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் டியூப், பிரேக் கட்டை, பிரேக் ஒயர் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கணக்கில் சேர்த்துவிடுங்கள். நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியவை அவை.

தலைக்கவசத்துக்கான பணம் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கட்டும். அதைப் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியிலிருந்து தெரியாது.

கட்டுவது எப்போது லாபம்

ஒரே சக்கர அளவுள்ள இரண்டு வண்டி இலவசமாகவோ எடை விலைக்கோ கிடைத்து, ஒன்றில் பிரேம் நன்றாகவும் மற்றொன்றில் சக்கரங்கள் நன்றாகவும் இருந்தால் கட்டுங்கள். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒரே மாதிரி இரண்டு வண்டி வாங்கி வைத்து ஒன்றை உதிரிக்கு வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. கட்டுகிறவருக்குக் கை பழகுகிறது என்பதும் ஒரு லாபந்தான். ஆனால் அதற்குப் பணம் மிச்சமாகும் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இங்கே சிக்குவது பாகங்களின் அளவு. டயரில் '26' என்று இருந்தால் எல்லா 26-உம் ஒன்றல்ல. 26 × 2.125 போலப் புள்ளி வைத்து எழுதிய டயரின் ரிம் விட்டம் 559 மி.மீ. 26 × 1 3/8 என்று பின்னமாக எழுதியது 590. ஒன்று மற்றொன்றில் ஏறாது. 20-இலும் அப்படித்தான்: 20 × 2.125 என்பது 406, 20 × 1 3/8 என்பது 451. டயரின் பக்கத்தில் 57-559, 47-406 என்று கோடிட்டு இரண்டு எண் அச்சாகியிருக்கும். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயரும் ரிம்மும் சேரும். முதல் எண் டயரின் அகலம்.

அளவு ஒத்திருந்தால் சக்கரம், டயர், சீட், பிரேக் கைப்பிடி, செயின் ஆகியவை வண்டிக்கு வண்டி பெரும்பாலும் மாறிப் பொருந்தும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாதவை: போர்க் (தண்டின் நீளமும் மரையும் மாறும்), சீட் பில்லர் (விட்டம் அரை மி.மீ. குறைந்தாலும் ஓட்ட ஓட்டக் கீழே இறங்கும்), பெடல் அச்சு. சின்ன வண்டிகள் பலவற்றில் இரண்டு பெடல் தண்டும் அச்சும் ஒரே வளைந்த கம்பியாக இருக்கும். அதற்கான குழாய் அகலமானது, காட்டர் பின் வைத்த அச்சு அதில் நிற்காது. பின் சக்கரத்தில் அச்சின் அகலத்தையும் அளங்கள். 5 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் வாஷர் வைத்துச் சமாளிக்கலாம். பிரேமை இழுத்து விரித்து மாட்டாதீர்கள்.

ஓவராயில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வேண்டியவை: 10, 13, 15 ஸ்பேனர், கோன் பிடிக்க மெல்லிய ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தி, கட்டைத் துண்டு, நிப்பிள் (கம்பி முனையில் உள்ள சிறு நட்டு) திருகி, 100 கிராம் கிரீஸ், தையல் மிஷின் எண்ணெய், கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல். பெட்ரோல் வேண்டாம். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முன் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்கக் கோனை மட்டும் திறங்கள். மறுபக்கக் கோன் அச்சிலேயே இருக்கட்டும், திருப்பி மாட்டும்போது நடு மாறாது. பால்ரஸ் சிதறாமல் இருக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். வழக்கமான ஹப்பில் முன்னால் பக்கத்துக்குப் பத்து, 3/16 இஞ்ச். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 இஞ்ச். வண்டிக்கு வண்டி மாறுவதால் எண்ணி எழுதுங்கள். முன்பே யாரோ ஒன்றைத் தொலைத்திருக்கவும் கூடும். சந்தேகம் வந்தால் கப் நிறைய அடுக்கி, ஒன்றை எடுத்துவிடுங்கள்; அதுதான் சரியான எண்ணிக்கை. பழைய பால்ரஸைத் திரும்பப் போடாதீர்கள், புதியது மலிவு. கோனில் பால்ரஸ் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் கோனையும் மாற்றுங்கள்.

2. கிரீஸை நிறைத்துப் பால்ரஸை அதில் பதித்துக் கோனை மூடுங்கள். விரலால் இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டைப் போடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: சக்கரத்தை மாட்டி மெல்ல விட்டால் வால்வின் எடைக்கே அது கீழே வந்து, ஊஞ்சல்போல் இப்படியும் அப்படியும் ஆடி நிற்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது. மிகையாக இறுக்கிய கோன் ஒரே மாதத்தில் குழி விழும்.

3. பின் சக்கரமும் அதேபோல். பிரீவீலுக்குள் கிரீஸ் வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற இரண்டு சிறு கொக்கிகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் போனால் பெடல் வெறுமனே சுற்றும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காயவைத்து, மிஷின் எண்ணெய் சில சொட்டு போதும்.

4. கோட்டம் எடுக்க, முந்தின நாளே ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம் வலப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் சாக்பீஸால் குறித்து, அந்த இடத்தின் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒரே தடவையில் அதற்கு மேல் திருப்பினால் கோட்டம் வேறிடத்துக்குப் போகும். மூன்று கம்பிக்கு மேல் உடைந்திருந்தால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

5. பெடல் அச்சு. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை. பலபேர் இங்கேதான் மரையைச் சிதைக்கிறார்கள். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். ஒரே கம்பியாக வளைந்த தண்டானால் இடப்பக்க நட்டும் எதிர் மரைதான். காட்டர் பின் வைத்த வண்டியில் பின்னைக் கழற்றும்போது மரை நசுங்கும், புதுப்பின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடல் தண்டும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னைச் சுத்தியால் தட்டி உட்காரவைத்த பிறகுதான் நட்டு. நட்டை இறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். இந்த அச்சில் பால்ரஸ் தனித்தனியாக இருந்தால் பக்கத்துக்குப் பதினொன்று, 1/4 இஞ்ச்.

6. செயினை மாட்டிப் பின் சக்கரத்தை இழுத்து நட்டு முறுக்குங்கள். நடுப்பாகம் மேலும் கீழுமாக அரை இஞ்ச் ஆட வேண்டும். பெடலைச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாகிறதோ அந்த இடத்தில் வைத்து அளங்கள். செயின் லாக்கின் (செயினின் இரு முனையையும் சேர்க்கும் கிளிப்) மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

7. டயர் மாட்டும் முன் ரிம் டேப் கம்பி முனைகளை முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். புது டியூப் மூன்றாம் நாளே உட்பக்கத்தில் பஞ்சரானால் காரணம் அதுதான். டியூபில் கொஞ்சம் காற்றடித்து வட்டமாக்கிய பிறகே உள்ளே விடுங்கள். கடைசிப் பாகத்தைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் டியூபைக் கிள்ளும். பாதி காற்றில் நிறுத்தி, டயர் ஓரம் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். தடித்த 20 இஞ்ச் டயரில் பிள்ளையின் எடைக்கு 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஷரைச் சின்னச் சக்கரத்தில் வைத்தால் ஒரு நொடியில் வெடிக்கும்.

பிரேக்குக்குத் தனியாக ஒரு மணி நேரம்

வண்டி ஓடினால் போதும் என்று இதைக் கடைசியில் அவசரமாக முடிப்பார்கள். பிள்ளையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கட்டை ரிம்மில் முழுதாகப் படிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில வாரத்தில் டயரில் ஓட்டை விழும். கீழே இறங்கினால் ஒருநாள் கம்பிக்குள் நுழையும். இடைவெளி பக்கத்துக்கு 2 முதல் 3 மி.மீ. ரப்பரைத் தனியாகச் செருகும் தகரக் கூடானால், கூட்டின் மூடிய பக்கம் வண்டியின் முன்னோக்கி இருக்கட்டும். திருப்பிப் போட்டால் அழுத்தும்போது ரப்பர் வழுக்கி வெளியே போய்விடும்.

ஒயருக்கு கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். கைப்பிடியை அழுத்தும்போது ஹேண்டிலில் இடிக்கக் கூடாது. பிள்ளையின் விரலுக்கு எட்டாவிட்டால், கைப்பிடியின் அடியில் இருக்கும் சிறு திருகை உள்ளே முறுக்கி ஹேண்டிலுக்கு அருகில் கொண்டுவரலாம். திருகு இல்லாத கைப்பிடியானால் அதை மாற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கான கைப்பிடி போடுங்கள். பிள்ளையே இரண்டு விரலால் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தட்டும். உங்கள் கைபலத்தை வைத்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும். இதை ஓட்டுகிற பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

பெயின்ட் வேலையில் பணம் கரைக்காதீர்கள். குரோம் பாகத்துத் துருவை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போகும். பிரேமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பறக்கக் கூடாது. ஒரு பெல், பின்னால் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான், பிள்ளை தேர்ந்தெடுத்த ஸ்டிக்கர் இவ்வளவும் இருந்தால் வண்டி புதிதாகிவிடும்.

சைடு வீல் மாட்டிக் கற்றுக்கொடுப்பதைவிட, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டை நன்றாக இறக்கி, காலால் உந்தி ஓட்டவிடுவது சீக்கிரம் பலிக்கும். சமநிலை முதலில் வந்துவிட்டால் பெடல் மிதிக்கப் பழக அதிக நேரம் பிடிக்காது. சைடு வீல்தான் வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடாதபடி ஒரு விரல் கனம் உயர்த்தி மாட்டுங்கள். தரையோடு ஒட்டினால் மேடுபள்ளத்தில் பின் சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றும், வண்டி நகராது.

ஒரு வாரம் கழித்து

ஓவராயில் செய்த வண்டி முதல் வாரத்தில் இளகும். காட்டர் பின் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், பிரேக் ஒயர் நீண்டிருக்கும், புதிதாக முறுக்கிய கம்பிகள் தளர்ந்திருக்கும். எட்டாம் நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, இரண்டு சக்கர நட்டு, காட்டர் பின் நட்டு, ஹேண்டில் போல்ட், சீட் நட்டு, பிரேக் ஒயர் நட்டு ஆகியவற்றை மறுபடி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டதால்தான் 'பழைய வண்டி வாங்கினால் இப்படித்தான்' என்ற பேச்சு வருகிறது.

சீட்டை உயர்த்தும்போதெல்லாம் பில்லரில் வெட்டியிருக்கும் எல்லைக்கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாத பழைய பில்லரில் குறைந்தது 6 செ.மீ. குழாய்க்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தொட்டதும் வண்டி அடுத்த தம்பி தங்கைக்கு. டயரின் எண், பால்ரஸ் கணக்கு, மாற்றிய பாகங்கள், தேதி எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்தால், அடுத்து ஓவராயில் செய்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.